புல்தரைக்கு உரமிடும் முன்: குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில், அடுக்ககத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டோடு சேர்த்து ஒரு புல்தரையும் பொறுப்பில் வந்து சேர்கிறது. பனி உருகி ஏப்ரல் பிறந்ததும், பக்கத்து வீட்டார் ஒரு சிறு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு எதையோ தூவுவதைப் பார்த்து, நாமும் கடைக்குப் போய், படத்தில் பசுமையாகத் தெரியும் ஒரு மூட்டையை வாங்கி வந்து தூவிவிடுகிறோம். ஊரில் தென்னைக்கும் ரோஜாவுக்கும் யூரியா வைத்துப் பழகிய நமக்கு, 'உரம்தானே' என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் அந்த மூட்டைக்குள் இருப்பது உரம் மட்டும்தானா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. குழந்தையை எப்போது புல்லில் இறக்கிவிடலாம், எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கீரைப் பாத்திக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பவை எல்லாம் அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே மாறுகின்றன. ஆகவே, கடையில் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பதற்கு முன்பே இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

முதல் படி: மூட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது

எந்த உர மூட்டையிலும் கோடிட்டுப் பிரித்த மூன்று எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் தழைச்சத்தையும் (நைட்ரஜன்), நடு எண் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்), கடைசி எண் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) எடை விழுக்காட்டில் குறிக்கின்றன. 32-0-4 என்றிருந்தால், நூறு பவுண்டில் 32 பவுண்டு தழைச்சத்து இருக்கிறது, மணிச்சத்து அறவே இல்லை என்று பொருள். நடுவில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஏரிகளிலும் கழிமுகங்களிலும் பாசி பெருகுவதைத் தடுக்க, 2011-இல் நியூ ஜெர்சி இயற்றிய உரச் சட்டம், மண் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலோ, புதிதாகப் புல் வளர்த்தாலோ ஒழிய, புல்தரைக்கு மணிச்சத்து இடக் கூடாது என்கிறது.

இந்த மூன்று சத்துகள் மட்டுமே உள்ள உரம், சொல்லப்போனால், உப்புகளின் கலவை. கை நிறைய விழுங்கினால் வாயும் வயிறும் எரியும். வாந்தியும் பேதியும் வரும். நாய் மூட்டையையே கிழித்துத் தின்றுவிட்டால் நிலைமை மோசமாகும். ஆனால் அளவோடு தூவி, தண்ணீர் பாய்ச்சி, மண்ணுக்குள் கரைந்துவிட்ட உரம், அந்தப் புல்லில் நடப்பவரை ஒன்றும் செய்வதில்லை.

சிக்கல் 'வீட் அண்ட் ஃபீட்' என்ற பெயரில் விற்கப்படும் மூட்டைகளில்தான் தொடங்குகிறது. களையையும் கொல்லும், புல்லையும் வளர்க்கும் என்று இரண்டு வேலையையும் ஒரே விலையில் செய்வதாகச் சொல்லும் இந்தக் குருணைகளில், உரத்தோடு 2,4-டி, மெக்கோபிராப், டைகம்பா ஆகிய களைக்கொல்லிகளில் ஒன்றோ பலவோ கலந்திருக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் விற்கப்படும் வேறு சில மூட்டைகளில், களை விதை முளைக்காமல் தடுக்கும் புரோடயமின், பென்டிமெத்தலின், டைதியோபைர் போன்றவை இருக்கும். கோடையில் வருபவற்றில், மண்ணுக்குள் வேரைத் தின்னும் புழுக்களுக்காக இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம்; நியூ ஜெர்சியில் வீட்டுப் புல்தரைக்கு அதை இப்போது பயன்படுத்த முடியாது. முன்பக்கத்துப் படம் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருப்பதால், படத்தை நம்பி வாங்குவதில் பயனில்லை.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெறும் உரத்தை அந்தந்த மாநில அரசுகளே கண்காணிக்கின்றன. களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்துவிட்டால் மட்டும் அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.விடம் பதிவு பெற்றாக வேண்டும். எனவே மூட்டையின் பின்பக்கத்திலோ அடிப்பகுதியிலோ 'இபிஏ ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' என்று ஓர் எண் இருந்தால், கையில் இருப்பது உரம் மட்டுமன்று, பதிவு பெற்ற ஒரு நஞ்சும்கூட. அதே பக்கத்தில் பெரும்பாலும் 'காஷன்', 'வார்னிங்', 'டேஞ்சர்' ஆகிய மூன்று சொற்களில் ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். முதலாவது குறைந்த நச்சுத்தன்மையையும், இரண்டாவது நடுத்தரத்தையும், மூன்றாவது கடுமையான நஞ்சையோ, கண்ணையும் தோலையும் அரித்துப் புண்ணாக்கும் தன்மையையோ குறிக்கும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் செறிவான 2,4-டி புட்டிகள் சிலவற்றில் 'டேஞ்சர்' என்று இருப்பதற்குக் காரணம், அது கண்ணில் பட்டால் மீளாத பாதிப்பு ஏற்படக்கூடும் என்பதே. குருணையைக் காட்டிலும் இந்தப் புட்டியைத் திறந்து அளந்து ஊற்றும் அரை நிமிடம்தான் எனக்கு எப்போதும் அச்சம் தருவது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதைச் செய்யவே கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று: மூட்டையில் ஒட்டப்பட்டு, உரித்தால் புத்தகம்போல விரியும் சிறு கையேடு. யார் எப்போது புல்தரைக்குள் திரும்ப நுழையலாம், எந்தச் செடிக்கு ஆகாது, விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதில் சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்துவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்ற வரியும் அதிலேயே அச்சாகியிருக்கும். பிரித்துப் படித்துவிட்டுத் தூக்கி எறியாமல் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அவசர நேரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணையும் உட்பொருள்களின் பெயரையும்தான்.

இரண்டாம் படி: களையையும் உரத்தையும் பிரித்துப் பார்ப்பது

குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டுக்குக் கலப்பு மூட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் அச்சமன்று, அதன் வேலைமுறை. வெறும் உரக் குருணையை உலர்ந்த புல்லில் தூவி, உடனே தண்ணீர் பாய்ச்சி, இலையிலிருந்து கழுவி மண்ணில் இறக்கிவிடலாம். ஒரு மணி நேரத்தில் அது கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். இலை வழியே களையைக் கொல்லும் கலப்புக் குருணையை அப்படிச் செய்ய முடியாது. அது களையின் ஈரமான இலையில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். ஆகவே காலைப் பனி ஈரத்தில் தூவி, பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ தண்ணீர் விடாமல் வைத்திருக்கச் சொல்கிறது லேபிள். அதாவது, தவழும் குழந்தையின் உள்ளங்கையும் நாயின் மூக்கும் இருக்கும் அதே உயரத்தில், அந்த நஞ்சை ஒரு நாள் முழுக்க இலைமேல் விட்டுவைக்கிறோம். இத்தனைக்கும் களை இருப்பது தரையின் நான்கு மூலையில் எங்கோ ஒன்றில். மருந்து விழுவதோ தரை முழுவதும்.

கனடா இந்த வாதத்தை ஏற்றுக்கொண்ட நாடு. தேவைப்படும் இடத்தில் மட்டும் களைக்கொல்லி இட வேண்டும் என்ற கொள்கைக்கு ஒவ்வாதது என்று சொல்லி, புல்தரைக்கான உரமும் களைக்கொல்லியும் கலந்த மூட்டைகளின் விற்பனையை அந்நாட்டு அரசு 2012 முடிவோடு நிறுத்தியது. அதற்கு முன்பே, கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூர் 1991-இல் அழகுக்காகத் தெளிக்கும் மருந்துகளைத் தடைசெய்ய, மருந்தடிக்கும் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2001-இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒன்டாரியோ மாகாணம் 2009 ஏப்ரல் 22 முதல் மாகாணம் முழுவதற்கும் அத்தகைய தடையைக் கொண்டுவந்தது. ஆகவே ஸ்கார்பரோவில் இருக்கும் உறவினர் வீட்டில் இந்த மூட்டையைப் பார்க்க முடியாது. எல்லை தாண்டிச் செல்லும்போது 'அங்கே கிடைக்காது, வாங்கி வாருங்கள்' என்று அவர்கள் கேட்டாலும் கொண்டுபோகக் கூடாது.

2,4-டி புற்றுநோயை உண்டாக்குமா என்ற கேள்விக்கு நேரடியான ஒற்றை விடை இன்னும் இல்லை. 1991-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள், இந்த மருந்து தெளிக்கப்பட்ட வீடுகளின் நாய்களில் நிணநீர்ப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். பின்னர் அதே தரவை மறு ஆய்வு செய்த வேறு சிலர் அந்த முடிவை ஏற்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இதை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி வகையில் வைத்தது, இ.பி.ஏ.வோ, முடிவுசெய்யப் போதிய சான்றில்லை என்ற வகையில் வைத்திருக்கிறது. ஆனால் நாயைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடமில்லாத ஒரு செய்தி உண்டு: மனிதச் சிறுநீரகம் இந்த அமிலத்தை விரைவாக வெளியேற்றிவிடுகிறது, நாயின் சிறுநீரகம் அவ்வளவு விரைவாக வெளியேற்றுவதில்லை. ஒரே அளவு உடலுக்குள் போனாலும் நாயின் உடலில் அது நெடுநேரம் தங்குகிறது. புற்றுநோய்க் கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை காணும்வரை, செலவில்லாமல் குறைக்கக்கூடிய ஒரு தொடர்பைக் குறைத்துக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை.

ஆக, உரம் தனியாக, களை தனியாக. சிறிய தரையென்றால், மழை பெய்த மறுநாள் நீண்ட கைப்பிடியுள்ள களைக்கொத்தியால் முள்ளங்கிபோல ஆழ வேர்விடும் டான்டலையன் களைகளை வேரோடு கிளப்பிவிடலாம். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் உயரமாக வெட்டினால் நிழல் விழுந்து பல களைகள் முளைப்பதே குறையும். வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் தரையிலேயே விட்டால், ஓராண்டுக்குத் தேவையான தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதிலிருந்தே கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: எவ்வளவு, எப்போது

கண்ணளவில் போடுவது சமையலுக்கு ஆகும், இதற்கு ஆகாது. முதலில் தரையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து சதுர அடியைக் கண்டுபிடிக்க வேண்டும். வீடும் கார்ப்பாதையும் இதில் சேரா. நியூ ஜெர்சிச் சட்டப்படி, வீட்டுக்காரர் ஒரு முறைக்கு ஆயிரம் சதுர அடிக்கு 0.9 பவுண்டு தழைச்சத்துக்கு மேல் இடக் கூடாது. ஆண்டு முழுவதற்கும் 3.2 பவுண்டைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 32-0-4 மூட்டையில் 0.9 பவுண்டு தழைச்சத்து கிடைக்க ஏறத்தாழ 2.8 பவுண்டு குருணை போதும். தரை ஐயாயிரம் சதுர அடியென்றால் மொத்தம் 14 பவுண்டு. 'மிச்சம் வைத்து என்ன செய்வது' என்று முழு மூட்டையையும் கொட்டிவிடும் நம் சிக்கனப் புத்திதான் புல்லையும் கருக்கி, தரையில் குருணைக் குவியல்களையும் விட்டுவைக்கிறது. நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து தருபவை பரவிக் கிடக்கும் குருணைகளைவிட இந்தக் குவியல்களே.

நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை உரமிட அம்மாநிலத்தில் தடை உள்ளது. உறைந்த நிலத்திலும், பெருமழை வரப்போகும் நாளிலும் இடக் கூடாது. ஓடை, குளம் ஆகியவற்றுக்கு 25 அடி தள்ளியே இட வேண்டும். வீசித் தூவாமல் நேராகக் கீழே உதிர்க்கும் வண்டியென்றால் 10 அடி போதும். மற்ற மாநிலங்களில் எண்கள் மாறும். மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு மண்ணைப் பரிசோதித்தும் தருகிறது. பரிசோதித்துப் பார்த்தால் பல வீடுகளில் தேவை உரமன்று, வெறும் சுண்ணாம்புதான் என்று தெரியவரும்.

நான்காம் படி: தூவும் நாளில்

காற்று அடங்கிய, வெயில் ஏறாத நேரமாகப் பார்க்க வேண்டும். புல்லில் கிடக்கும் பந்து, மூன்று சக்கர வண்டி, பிளாஸ்டிக் சறுக்கு, நாயின் தண்ணீர்க் கிண்ணம், எலும்பு பொம்மை எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். ஜன்னல்களைச் சாத்திவிடலாம். தூவுபவர் முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கையுறை அணிய வேண்டும். கருவுற்றிருப்பவர் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. வண்டியில் குருணையைக் கொட்டும்போது எழும் தூசுதான் மூக்கில் ஏறுவது. ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கார்ப்பாதையின் மீது ஒரு பழைய விரிப்பைப் போட்டு அதன்மேல் வைத்துக் கொட்டினால், சிந்தியதை அப்படியே சுருட்டி மீண்டும் வண்டிக்குள் போட்டுவிடலாம்.

கான்கிரீட்டிலும் நடைபாதையிலும் தெறித்த குருணைகளைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்லுக்குள் தள்ள வேண்டும். ஹோஸ் பிடித்துத் தெருவுக்குக் கழுவிவிடக் கூடாது. அப்படிக் கழுவியது மழைநீர்க் கால்வாய் வழியே நேராக ஓடைக்குப் போகிறது என்பது ஒரு பக்கம். அதற்கு முன்பே, பள்ளத்தில் தேங்கிய அந்தத் தண்ணீரை நடைக்குக் கூட்டிப்போன நாய் நக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

வெறும் உரமென்றால் உடனே கால் அங்குலம் தண்ணீர் விட வேண்டும். அதற்கு அளவு தெரியவில்லையென்றால் தெளிப்பானுக்கு எதிரே புல்லில் இரண்டு மூன்று டபராக்களை வைத்து, அடியில் கால் அங்குலம் நிறைந்ததும் நிறுத்திவிடலாம். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன், அந்த டபராக்கள் மட்டும் பிறகு சமையலறைக்குத் திரும்புவதில்லை. முளைப்பதைத் தடுக்கும் மருந்தும் வேரைத் தின்னும் புழுக்களுக்கான மருந்தும் பெரும்பாலும் இதுபோலவே தண்ணீரில் மண்ணுக்குள் இறங்க வேண்டியவை. இமிடாகுளோப்ரிட் தேனீக்களுக்குக் கொடியது. ஆகவே அது உள்ள மூட்டையைத் தூவுவதற்கு முன், புல்லின் நடுவே பூத்திருக்கும் குளோவர் களைகளை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வீட்டைச் சுற்றி எறும்புக்கும் உண்ணிக்குமாகத் தூவும் பெர்மெத்ரின், பைஃபென்த்ரின் வகை மருந்துகள் பூனை உள்ள வீட்டுக்குத் தனி எச்சரிக்கை. அவற்றைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மருந்து நன்றாக உலரும்வரை பூனையை வெளியே விடவே கூடாது.

ஐந்தாம் படி: எப்போது திரும்ப நுழையலாம்

தெளிக்கும் மருந்தென்றால் உலரும்வரை, குருணையென்றால் தூசு அடங்கும்வரை என்றுதான் பெரும்பாலான லேபிள்கள் சொல்கின்றன. சட்டப்படி அது குறைந்தபட்ச அளவு. என் வீட்டில் நான் கடைப்பிடிப்பது அதைவிடக் கடினமானது: வெறும் உரமென்றால், தண்ணீர் பாய்ச்சிப் புல் முழுவதும் காயும்வரை; களைக்கொல்லி எந்த வடிவில் இருந்தாலும், குழந்தைகளுக்கும் நாய்க்கும் இரண்டு நாள். புல்லை விரலால் தடவிப் பார்த்து ஈரம் இல்லையென்று உறுதிசெய்வதோடு, குனிந்து இலைகளுக்கு நடுவே குருணை தென்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருந்து வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் காற்றில் அன்று, காலில். புல்தரையில் 2,4-டி இட்ட வீடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், அதை உள்ளே கொண்டுவந்த முக்கிய வழிகளாகத் தெரிந்தவை தூவியவரின் காலணியும், உள்ளும் புறமும் ஓடித் திரியும் நாயும்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் நம் வழக்கம் இங்கே பெரிய காப்பு; கராஜ் வழியாக உள்ளே வரும்போதும் அதை விடாமல் கடைப்பிடித்தால் போதும். நாய்க்குத்தான் செருப்பில்லை. ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் நான்கு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பூனையோ உடம்பு முழுவதையும் நக்கும். தூவியவர் அணிந்த துணிகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.

இந்த ஊர் வழிகாட்டிகள் எதிலும் இல்லாத, நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்து உண்டு. கோடையில் ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பாவைப் பற்றியது அது. என் அம்மா வந்த முதல் வாரத்திலேயே, தரையோரத்தில் தானாக முளைத்துக் கிடந்த பருப்புக்கீரையைக் கண்டு மகிழ்ந்து, ஒரு தட்டு நிறையக் கிள்ளி, கூட்டுக்கு அரிந்து வைத்துவிட்டார். 'காசு கொடுத்துக் கீரை வாங்குகிறீர்களே, வாசலில் சும்மா கிடக்கிறதே' என்ற அவருடைய கேள்விக்கு, ஐந்து நாளுக்கு முன் அந்த ஓரத்தில்தான் மருந்து தெளித்தேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டு வீணானது, வருத்தம் இரண்டு நாள் இருந்தது. அதுபோலவே, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில் புல்தரையே பெர்முடா புல்தான். அது நம் அருகம்புல். பிள்ளையாருக்கு மாலை கட்டவும் சாறு எடுத்துக் குடிக்கவும் அதைத் தேடிப் பறிப்பவர்கள் உண்டு. மருந்து பட்ட தரையிலிருந்து கீரையோ புளியாரையோ அருகம்புல்லோ எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. வந்திறங்கும் நாளிலேயே அவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நடைப்பயிற்சியின்போது பூங்காவிலோ பக்கத்து வீட்டு வேலியோரத்திலோ பறிப்பதற்கும் இது பொருந்தும்.

பாத்தியில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு குறிப்பு. 2,4-டி, டைகம்பா இரண்டுக்கும் தக்காளி மிகவும் கூச்சப்படும்; காற்றில் சிறிது மிதந்து வந்தாலே இலைகள் சுருண்டு, நுனி கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். நோய் என்று நினைத்து நாம் அதற்கு இன்னொரு மருந்து தேடுவோம். களைக்கொல்லி பட்ட புல்லை வெட்டிய பிறகு, அந்தத் துண்டுகளைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மூடாக்காகப் போடுவதும், எருக்குழியில் சேர்ப்பதும் கூடாது.

இயற்கை உரம் என்று எழுதியிருந்தால்

நாய் உள்ள வீடுகளில் நிகழும் விபத்துகள் பல இந்த மூட்டைகளால்தான் வருகின்றன. யூரியாவை எந்த நாயும் விரும்பித் தின்பதில்லை. எலும்புத்தூளும் ரத்தத்தூளும் அதற்கு விருந்து. ரோஜாவுக்கு அடியில் புதைத்தாலும் தோண்டி எடுத்துவிடும். அதிகமாகத் தின்ற எலும்புத்தூள் வயிற்றில் சிமென்ட்போல இறுகி அடைத்துக்கொள்வதுண்டு. கணைய அழற்சியும் வரலாம். கழிவுநீர்ச் சேற்றை உலர்த்திச் செய்யும் குருணைகளும் வாசத்தால் நாயை இழுப்பவை. அவற்றில் இரும்புச்சத்தும் இருப்பதுண்டு.

ஆமணக்குப் புண்ணாக்கு நமக்குப் பழக்கமான உரம். மாட்டுக்கு வைக்கக் கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு, புண்ணாக்கைச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது செயலிழக்க வேண்டும். பதம் தப்பினால் நஞ்சு மிஞ்சிவிடும். அமெரிக்காவில் விற்கும் சில இயற்கை உரங்களிலும் இது சேர்வதால், உட்பொருள் பட்டியலில் 'காஸ்டர்' என்ற சொல் இருந்தால் நாய் உள்ள வீட்டுக்கு அந்த மூட்டை வேண்டாம். பூச்செடிக்கு அடியில் பரப்பும் கோக்கோ ஓட்டு மூடாக்கும் அப்படியே. சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத தியோபுரோமின் அதிலும் உண்டு. மக்கிய எரு, சோளப் புரத மாவு ஆகியவை இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானவை.

கிணற்று நீர் உள்ள வீடுகள்

நகராட்சிக் குழாய் இல்லாமல் சொந்த ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் நியூ ஜெர்சியில் நிறைய உள்ளன. உரத்தின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்பது அமெரிக்க வரம்பு. அதற்கு மேல் போனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையின் ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். இங்கே நம் கைவைத்தியம் ஒன்று தலைகீழாகிவிடுகிறது. குழந்தைக்குப் பால்மாவு கரைக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வீடு கைமாறும்போது கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று 2002 முதல் அம்மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அந்த அறிக்கையில் நைட்ரேட் வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் மீண்டும் ஒரு முறை பரிசோதிப்பது நல்லது.

ஆளை வைத்துச் செய்தால்

ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து தெளித்துவிட்டுப் போகும் நிறுவனங்களிடம், என்ன தெளிக்கப் போகிறீர்கள் என்று வாயால் கேட்டால் 'உரம்' என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு வருகைக்கும் மருந்தின் பெயரையும் இ.பி.ஏ. எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வருவதற்கு முந்தைய நாள் தெரிவிக்கவும் சொல்ல வேண்டும். தெளித்தபின் அவர்கள் நட்டுவிட்டுப் போகும் சிறு கொடியைக் குழந்தைகள் விளையாட்டுப் பொருளாகப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. அடுத்த வீட்டுக் கொடியைப் பார்த்தால், அன்று நடையைத் தெருவின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விழுங்கிவிட்டால், கண்ணில் பட்டால்

குழந்தையின் வாயில் குருணை இருந்தால் விரலால் துடைத்தெடுத்து, வாயைக் கழுவி, நஞ்சு உதவி மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசுவார்கள்; ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். கனடாவில், கியூபெக் நீங்கலாக, எண் 1-844-764-7669. மூச்சுத்திணறல், வலிப்பு, மயக்கம் என்றால் இவற்றை விட்டுவிட்டு 911. கண்ணில் பட்டால் வேறெதையும் தேடாமல் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தொடுவில்லை (கான்டாக்ட் லென்ஸ்) அணிந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டுத் தொடர வேண்டும்.

ஊரில் நஞ்சு உண்டவருக்கு உப்புக் கரைசலோ புளிக்கரைசலோ புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கத்தை இங்கே யாருக்கும், நாய்க்கும்கூட, செய்யக் கூடாது. அரிக்கும் பொருளென்றால் வெளியே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை புண்ணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். நாய்க்கோ உப்பே நஞ்சாகிவிடும்.

நாய்க்கும் பூனைக்கும் அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் நஞ்சு உதவி எண் 888-426-4435. இதற்குக் கட்டணம் கேட்பதுண்டு. வாந்தி, எச்சில் வழிதல், உணவில் விருப்பமின்மை, பின்னங்கால் தளர்ந்தோ விறைத்தோ போதல் ஆகியவை களைக்கொல்லியைத் தின்ற நாயிடம் தெரியக்கூடியவை. இரும்பு கலந்த உரத்தில் ஒரு வஞ்சகம் உண்டு: முதலில் வாந்தியும் ரத்தப்பேதியும் கண்டு, பிறகு சில மணி நேரம் நாய் தேறிவிட்டதுபோல எழுந்து நடமாடும், அதன் பிறகுதான் ஈரல் கெடத் தொடங்கும். ஆகவே 'இப்போது சரியாகிவிட்டதே' என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், மூட்டையையோ அதன் படத்தையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கராஜில் மிஞ்சியிருப்பவை

மிச்ச உரத்தைத் தன் மூட்டையிலேயே, இறுக்கமாக மூடும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, குழந்தையின் கைக்கும் நாயின் வாய்க்கும் எட்டாத உயரத்தில், ஈரம் படாமல் வைக்க வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் புட்டியிலோ அரிசி வாளியிலோ மாற்றி வைப்பது வேண்டவே வேண்டாம். நீச்சல்குளத்துக் குளோரினுக்கு அருகிலும் வைக்கக் கூடாது. யூரியாவும் அம்மோனிய உரமும் அதோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும், வெடிக்கும் பொருளும் உண்டாகலாம்.

வீடு வாங்கியவர்கள் முதல் வார இறுதியிலேயே, முந்தைய வீட்டுக்காரர் பரணிலும் கொட்டகையிலும் விட்டுப்போனவற்றை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கொட்டகையின் கடைசி அலமாரியில், துருப்பிடித்த பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், டயசினான் என்று எழுதிய பாதிப் புட்டி ஒன்று இருந்தது. வீட்டுத் தோட்டத்துக்கான அதன் விற்பனை அமெரிக்காவில் 2004 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது; அத்தனை ஆண்டாக அந்தப் புட்டி அங்கேயே இருந்திருக்கிறது. இப்படிப்பட்டதைத் திறந்து முகர்ந்து பார்க்கவோ, சாக்கடையில் ஊற்றவோ, குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. நிமிர்த்தி, ஒரு வாளிக்குள் வைத்து, சுற்றிலும் பூனைக் கழிவு மணலைக் கொட்டி, மாவட்டம் நடத்தும் வீட்டு அபாயக் கழிவுச் சேகரிப்பு நாள் எப்போது என்று பார்த்து, காரின் பின்பெட்டியில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் காரைவிட்டு இறங்கக்கூடத் தேவையிருக்காது, அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.